ஏழாவது வளைவில் இடக்கை வீரன்

அநியாயம் நடந்தது ரேணுகாம்பாளுக்கு. செய்தவர் அவளுடைய ஆய்வு நெறியாளர் பேராசிரியர் தணிகாசலம். புலியானூர் மலைச்சாலையின் ஏழாவது வளைவுக்குப் பக்கத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள், மார்பளவு மண்ணில் புதைந்து நின்ற ஒரு நடுகல்லை, என்றோ மாடு மீட்கப் போய்ச் செத்த எவனோ ஒருவனுக்காக ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் நட்டுவைத்த கல்லை, துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள். ஒற்றை ஆளாய் மண்ணை அகற்றி, தேங்காய் நாரால் பாசி தேய்த்து, ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்தவள் அவள். ஆறு மாதம் கழித்து அது ஆய்விதழில் பதினெட்டுப் பக்கக் கட்டுரையாக வந்தபோது தலைப்புக்குக் கீழே தணிகாசலம் என்ற ஒரே ஒரு பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், 'படம்: துறை மாணவர்கள்.' மாணவர்களாம். எத்தனை பேர்? அன்றைக்கு அந்த வெயிலில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றது அவளும் அவள் சைக்கிளும்தான். சைக்கிளையும் துறையில் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

இப்போதும் அதே சைக்கிள்தான், அதே ஏற்றம்தான், கூட மட்டும் நாற்பது பேர். 'மரபைத் தேடி மிதிவண்டியில்' என்று அடிவாரத்து ஏரிக்கரையில் துணி கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு யாரோ கொடியசைத்து, சென்னையிலிருந்து ஒரு சைக்கிள் சங்கம் வந்து சேர்ந்து, உடம்போடு ஒட்டிய மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர்கள் முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். அவர்கள் வண்டியில் இருபத்தொரு கியர். ரேணுகாவின் வண்டி பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த நீல நிற விலையில்லாச் சைக்கிள், அதற்குக் கியர் அவள் தொடைதான். வழியில் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்த்தாயிற்று. பாறைக்கு அடியில் சமணப் படுக்கைகள், வழுவழுவென்று தேய்ந்து, தலைமாட்டில் கல்லிலேயே திண்டு வைத்து. யாரோ காதலர்கள் அதன்மேல் சுண்ணாம்பில் பெயர் எழுதியிருந்தார்கள். அப்புறம் கோட்டைமேடு, கோட்டை போய் மேடு மட்டும் மிச்சம். ஒவ்வோர் இடத்திலும் தணிகாசலம் கழுத்தில் தொங்கவிட்டிருந்த சின்ன ஒலிபெருக்கியைத் தட்டி, ஹலோ ஹலோ சொல்லி, கைகளை விரித்து விளக்கினார். படுக்கையில் படுத்துப் பட்டினி கிடந்தே உயிர் விட்ட துறவிகளைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. ரேணுகா கவனித்தாள்: மனுஷனுக்கு நிஜமாகவே கண் கலங்குகிறது. அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவர்கள் கெட்டவர்களாக இருந்து தொலைத்தால் என்ன? இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவனுக்காக அழுகிறவர், உயிரோடு எதிரில் நிற்கிறவள் பெயரை எப்படி மறந்தார்? மறக்கவில்லை, மறந்திருந்தால் மன்னித்துவிடலாம், மறக்கவில்லை என்பதுதானே வழக்கே. மூன்றாவது வளைவின் சரிவில் சங்கிலி ஒரு பல் தாண்டி கடக்கென்றது. மிதி. மிதி. புளியமரங்களுக்கு வெள்ளையடித்து எண் போட்டிருக்கிறார்கள், நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு, மரத்துக்குக்கூட இந்த நாட்டில் ஓர் அடையாளம் இருக்கிறது.

"ஏய், உன் மூஞ்சியைப் பாத்தா ஊர் சுத்த வந்தவ மாதிரி இல்ல, யாரையோ வெட்ட வந்தவ மாதிரி இருக்கு" என்றான் அமல்ராஜ், பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே. அதே நெறியாளரிடம் அவளுக்கு இரண்டு வருஷம் முன்னால் பகுதிநேர மாணவனாகச் சேர்ந்தவன், இன்னும் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டாதவன், யாரோடும் சண்டை போடாமல் ஓய்வுபெறும் வயதை எட்டிவிடுவான். "வெட்டணும்னா கத்தி வேணும். எந்தக் கையில பிடிக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. புரியாமல் சிரித்தான். எப்படிப் புரியும்? இந்த நாற்பது பேரில் ஒருத்திக்குத்தான் தெரியும். மேலே போனால் தணிகாசலத்துக்கு என்ன நடக்கப்போகிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நினைப்பு நாக்குக்கு அடியில் நெல்லிக்காய் மாதிரி, முதலில் துவர்த்து, எச்சில் விழுங்க விழுங்க இனித்தது. இனிக்கிறதே என்று அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. பயமாக இருந்தும் துப்ப மனசில்லை.

ஏனென்றால் கட்டுரையில் இருந்த தவறு இதுதான். படியெடுத்த அன்று, மை காய வேண்டுமே என்று தாளைச் சைக்கிள் கைப்பிடியில் இரண்டு துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். கல்லில் உருவம் தேய்ந்து, மரநிழல் வேறு விழுந்து, நேரே எடுத்த படம் எதுவும் தெளிவாக விழவில்லை. காற்றடித்தது. தாள் திரும்பிக்கொண்டது. திரும்பிய தாளுக்குப் பின்னாலிருந்து வெயில் ஊடுருவி, வீரனுடைய கொண்டை, காதணி, ஓங்கிய வாள், மறு கையில் வில், காலடியில் மாடு எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன. அடடா என்று போனில் எடுத்துவிட்டாள். முதுகுப்பக்கத்தை எடுத்துவிட்டாள். அடுத்த நிமிஷம் தாளில் கஞ்சிப் பசையென்று நினைத்ததோ என்னவோ, ஒரு வெள்ளாடு வந்து தாளின் பாதியைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் தணிகாசலத்திடமிருந்து செய்தி: 'தெளிவா இருக்கிற ஒண்ணை மட்டும் அனுப்பும்மா, போதும்.' தெளிவாக இருந்த ஒன்றை அனுப்பினாள். கல்லில் எழுத்து என்று ஒரு வரி இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள், எழுத்து இல்லாத கல். வலக் கையில் வாள் ஓங்கியவன் இடக் கையில் வாள் ஓங்கியவனாகிப் போனான். சரி, மாறினது மாறிவிட்டது, அதோடு விட்டாரா? 'இடக்கை வீரன்' என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் சாதிகளெல்லாம் வலங்கை இடங்கை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்களே, அந்தப் பிரிவினைக்கு முதல் தடயமே இந்தக் கல்தான் என்று பதினெட்டுப் பக்கத்துக்கு மாளிகை கட்டினார். 'மூன்று முறை நேரில் சென்று களஆய்வு செய்த பின்னரே இம்முடிவுக்கு வந்தேன்' என்று எழுதினார். மூன்று முறை! ஒரு முறை வந்திருந்தால்கூட, ஒரே ஒரு முறை இந்த ஏழு வளைவையும் ஏறி அந்தக் கல்லின் முகத்தை நேருக்கு நேர் பார்த்திருந்தால்கூட.

வாதத்துக்காக அவர் பக்கம் நின்றும் பேசிப் பார்ப்போம், என்றாள் தனக்குள். கல்லூரிக் காலத்தில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவாள், கோப்பைகள் வீட்டில் பரண்மேல் கிடக்கின்றன. தவறு யாருடையது? படம் எடுத்தவளுடையது. ஒப்புக்கொள்கிறாள். தெரிந்தா எடுத்தாள்? இல்லை. தெரிந்ததும் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? வேண்டும். சொல்லத்தானே போனாள். சத்தியமாகச் சொல்லத்தான் போனாள். இதழ் வந்த அன்று 'இடக்கை' என்ற வார்த்தையைப் பார்த்ததும் போனில் இருந்த மங்கலான படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, அடப்பாவி, தாள் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடித்து, மறுநாள் பத்தரை மணிக்கு அவர் அறைக்கு ஓடினாள். சொல்ல வேண்டியவை இரண்டு இருந்தன. பெயர் ஒன்று. தவறு ஒன்று. எதை முதலில் சொல்வது என்று மாடிப்படியில் நின்று யோசித்தாள். பெயரை முதலில் சொன்னாள். அந்த வரிசை மாறியிருந்தால் இன்றைக்கு இந்த நெல்லிக்காயே இல்லை. "உக்காரும்மா, டீ சொல்லட்டுமா?" என்றார். "கட்டுரையில என் பேர் இல்லையே சார்." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதுவிட்டு, அழுகையோடு அழுகையாக இரண்டாவதையும் சொல்லியிருப்பாள். அவர் சிரித்தார், மகள் பொம்மை கேட்ட மாதிரி. "பேர்னா என்னன்னு நெனச்சே? கல்யாணப் பத்திரிகையா, தாய்மாமன் பேரு விட்டுப்போச்சுன்னு சண்டை போட? ஆய்வுல பேருங்கிறது பொறுப்பும்மா, பொறுப்பு. நாளைக்கு இதுல ஒரு தப்புன்னு எவனாவது எழுந்து நின்னு கேட்டா யார் பதில் சொல்றது? நீயா? பாவம், சின்னப் பொண்ணு. நான்தானே சொல்லணும்? அதுக்குத்தான் என் பேரை மட்டும் போட்டேன். உன்னைக் காப்பாத்தத்தான் போட்டேன், புரியுதா?" டீ வந்தது. குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று அவரே கேட்டார். அவரேதான் கேட்டார், இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், வாய்ப்பு கொடுக்கப்பட்டது. "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

நான்காவது வளைவில் அவரே நின்றுகொண்டிருந்தார். சங்கத்தார் இரவல் கொடுத்த உயரமான சைக்கிளைச் சாலையோரக் கல்லில் சாய்த்து, ஐம்பத்தாறு வயசுத் தொந்தி ஏறி இறங்க, கெண்டைக்கால் நடுங்க நின்றுகொண்டிருந்தார். கால்சட்டைக்குக் கீழே அந்தக் கால்கள் வெளுத்து, மயிர் உதிர்ந்து, எங்கேயோ அப்பாவின் கால் மாதிரி. பார்க்காதே. பார்த்தால் போச்சு. "வாம்மா ரேணுகா, உனக்காகத்தான் நிக்கிறேன்" என்றார். "இந்தா, எலுமிச்சம்பழத் தண்ணி. வீட்டுல போட்டுக் குடுத்தாங்க. நீ மொதல்ல குடி." வாங்கிக் குடித்தாள். உப்பும் இனிப்பும் தொண்டையில் இறங்கும்போது உடம்பு வெட்கமில்லாமல் நன்றி சொன்னது. "உன் ஆய்வுச் சுருக்கத்தை ஜீப்லதான் வச்சிருக்கேன். மேல போனதும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நாளைக்கே ஆபீஸ்ல குடுத்துடு. புதன்கிழமைதானே கடைசி?" புதன்கிழமைதான். புதன்கிழமைக்குள் அவர் கையெழுத்தோடு போய்ச் சேராவிட்டால் அவள் பதிவு காலாவதி, ஐந்து வருஷம், நாலு மலை, இந்தச் சைக்கிளுக்கு மாற்றிய மூன்று டயர், எல்லாம் காலாவதி. மூன்று மாதமாகப் பின்னாலேயே அலைந்த கையெழுத்து. இதோ, இருநூறு அடிக்குக் கீழே, ஆதிகேசவனை ஏற்றிக்கொண்டு முக்கி முக்கி வரும் ஜீப்பில் ஒரு பச்சைக் கோப்புக்குள் அதற்கான தாள் இருக்கிறது. ஆதிகேசவன் தொல்லியல் துறையில் அதிகாரியாயிருந்து ஓய்வுபெற்றவர், நடுகல் என்றால் இந்த ஜில்லாவில் கடைசி வார்த்தை அவருடையது. தன் கண்டுபிடிப்பை அவருக்குக் காட்டத்தான் தணிகாசலம் இந்தத் திருவிழாவையே கூட்டியிருக்கிறார். "கல்லு ரொம்பத் தேஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டார் தணிகாசலம், தாழ்ந்த குரலில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. மூன்று முறை களஆய்வு செய்தவர் கேட்கிற கேள்வி. இதுதான் சமயம். சார், ஒரு நிமிஷம், அந்தப் படம் பின்பக்கம் எடுத்தது சார், மேலே போகாதீங்க, வயித்துவலின்னு சொல்லிடுங்க, நான் பாத்துக்கறேன். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், ஒரு சீத்தாப் புதரின் நிழல் அளவுதான் தூரம். "இல்ல சார், நல்லாத்தான் இருக்கு. நீங்க பாத்தா உடனே தெரிஞ்சுடும்" என்றாள்.

சொன்ன பிறகு இரண்டு வளைவு அவள் மிதித்ததே தெரியவில்லை. கால் தானாகச் சுற்றியது. பாறை கொதிக்கத் தொடங்கிவிட்டது, தார் மணக்கிறது, எங்கோ ஆட்டு மணி. நல்லாத்தான் இருக்கு சார். என்ன ஒரு குரல், தேன் தடவின குரல், எங்கிருந்து வந்தது? அவரிடமிருந்துதான் வந்தது, வேறு எங்கிருந்து? ஐந்து வருஷம் கூடவே இருந்தால் ஒட்டிக்கொள்ளாதா? எதிர்வாதம்: அவள் செய்வது பழி. பதில்: அவள் எதுவுமே செய்யவில்லையே, சும்மா சைக்கிள்தானே மிதிக்கிறாள். எதிர்வாதம்: சும்மா இருப்பதும் செய்கைதான். பதில்: அப்படியானால் பெயரைப் போடாமல் சும்மா இருந்ததும் செய்கைதான், சரிக்குச் சரி. எதிர்வாதம்: சரிக்குச் சரி ஆகிவிட்டால் நீ எதில் உசத்தி? இதற்குப் பதில் தேடினாள், இருபது மிதிவரை தேடினாள், அதற்குள் நினைப்பு வேறெங்கோ வழுக்கி ஆட்டு மணியில் போய் மாட்டிக்கொண்டது. ஆடு. தாளைக் கடித்த வெள்ளாடு. அந்த ஆட்டை ஹேய் ஹேய் என்று கல் விட்டு விரட்டியது யார்? அவளும் சைக்கிளும் மட்டும்தான் இருந்தார்கள் என்றால் விரட்டியது சைக்கிளா? ஓர் அம்மா இருந்தாள். பச்சைப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, காதில் ஓட்டை மட்டும் இருந்து தோடில்லாத ஓர் அம்மா. ஏழாவது வளைவில் பஞ்சரான டயரோடு நின்ற ரேணுகாவிடம், "இன்னாமே, கல்லு பாக்குறவளா நீ? எங்க வேடியப்பன் கீறாரு, வந்து பாரு" என்று புதரை அரிவாளால் விலக்கிக்கொண்டு முன்னால் நடந்த அம்மா. வருஷத்துக்கு ஒரு தரம் புதரை வெட்டி, சேவல் அறுத்துப் பொங்கல் வைப்பார்களாம், அவள் மாமியார் காலத்திலிருந்து. குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், அந்தத் தண்ணீரில்தான் தாளை நனைத்தது. பெயர் சொன்னாள். நோட்டில் எழுதிக்கொண்டாள் ரேணுகா. என்ன பெயர்? ஏதோ பசுமையான பெயர். பச்சையம்மா? இல்லை. மரமா, செடியா, வாயில் வருகிறது, வரவில்லை. கல்லைக் கண்டுபிடித்தது நான் என்று ஆறு மாதமாகத் தொண்டை கிழியப் பேசுகிறாள். வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற கல்லைக் கண்டுபிடிப்பது எப்படி? அது வேறு, இது வேறு. ஆய்வு உலகத்துக்கு அறிமுகப்படுத்துவது என்பது வேறு. அவளே ஒரு போட்டிக் கட்டுரை எழுதி, இன்னும் எங்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறாளே, அதில் அந்த அம்மாவை என்னவென்று குறிப்பிட்டிருக்கிறாள்? 'அவ்வூர்ப் பெண் ஒருவர் வழிகாட்ட' என்று. 'பெண் ஒருவர்' என்று. நோட்டில் பெயர் இருந்தும். இடம் கருதி. நடை கருதி. நூற்று எழுபத்து மூன்று, நூற்று எழுபத்து நான்கு. மரங்கள் ஏன் இப்படி உற்றுப் பார்க்கின்றன?

ஏழாவது வளைவில் புதரே இல்லை. விழாவுக்கென்று ஆள் விட்டு வழித்துத் துடைத்திருந்தார்கள். கல் முழு உயரத்துக்கு மண்ணிலிருந்து எழுந்து, சிமெண்ட் மேடைமேல், கழுத்தில் சாமந்தி மாலையோடு நின்றது. பக்கத்தில் இரண்டு இரும்புக் கால்களில் நீலப் பலகை. பலகையில் அவள் எடுத்த படம், ஆள் உயரத்துக்குப் பெரிதாகி. அதன்கீழ் 'இடக்கை வீரன் நடுகல்', அதன்கீழ், 'கண்டறிந்தவர்: பேராசிரியர் தணிகாசலம்.' பலகை வந்தது அவளுக்கும் தெரியாது. அதைப் பார்த்ததும் உச்சிமண்டையில் யாரோ வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்தது. அதைவிட, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது: கல்லில் இருந்தவன் கிழக்கே பாய்ந்தான், பலகையில் இருந்தவன் மேற்கே பாய்ந்தான். கண்ணாடி முன்னால் தலை வார நிற்கிறவன் மாதிரி அவன் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்னால் வந்துசேர்ந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. அவர்கள் பலகையைப் படம் எடுத்தார்கள், கல்லோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், வாழைப்பழம் தின்றார்கள். பலகையில் எழுதியிருந்தால் கல்லைப் பார்ப்பானேன்? ஜீப் வந்து நின்றது. ஆதிகேசவன் இறங்கினார். பச்சைக் கோப்பு பின் சீட்டில் தெரிந்தது. தணிகாசலம் கடைசி ஐம்பது அடியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, வந்ததும் வராததுமாக முகம் துடைத்து, ஒலிபெருக்கியைத் தட்டி, பலகைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து, கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு! "நண்பர்களே, இந்தக் கல்லுக்கு முன்னால் முதல் தடவை நான் நின்றபோது..." என்று ஆரம்பித்தார்.

ஆடுகள் வந்தன. ஆடுகளுக்குப் பின்னால் அதே பச்சைப் புடவை, அதே தோடில்லாத காது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே ரேணுகாவிடம் வந்து அவள் தோளில் ஒன்று போட்டாள். "இன்னாமே, வந்துட்டியா! நீதான் வருவேன்னு நெனச்சேன். எம் பேரு நோட்டுல எய்தினு போனியே, பூங்காவனம்னு, பேப்பர்ல வந்துச்சா?" பூங்காவனம். பூங்காவனம்தான். ரேணுகா வாயைத் திறந்தாள். பேருன்னா என்னன்னு நெனச்சீங்கம்மா, அது பெரிய பொறுப்பு, உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை. நாக்கு நுனியில் வந்து நின்ற பதில் அப்பழுக்கில்லாமல் தணிகாசலத்தின் குரலில் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். பூங்காவனம் ஒரு நொடி பார்த்தாள், அப்புறம் பார்வையை எடுத்துவிட்டாள், எத்தனையோ பேர் எழுதிக்கொண்டு போனவர்களில் இவளும் ஒருத்தி என்பது போல. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவிலேயே, மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "சார், சார், பலகை வச்ச நாளா கேக்கணும்னே இருக்கிறேன். கல்லுல கீறவரு இந்தாண்ட பாக்குறாரு, உங்க பலகையில கீறவரு அந்தாண்ட பாக்குறாரு. எங்க வேடியப்பனுக்கு சோத்துக் கையிலதானே கத்தி? இதுல பீச்சாங்கையில குடுத்துக்கீறீங்களே, இன்னா சார் இது, சாமிக்குப் போயி?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டி, கல்லைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். "தணிகாசலம்," என்றார் மெதுவாக, "நீங்க இங்க வந்திருக்கீங்க இல்ல?" அப்போதுதான் தணிகாசலம் திரும்பினார். ரேணுகா இதற்காகத்தான் இருநூறு புளியமரங்களைத் தாண்டி வந்தாள். கண்ணை மூடாமல் பார்த்தாள். அவர் கழுத்தின் பின்பக்கம் முதலில் சிவந்தது, அப்புறம் அந்தச் சிவப்பு கீழே எங்கோ இறங்கிப் போய் வெளுத்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒலிபெருக்கி அவர் மூச்சை மட்டும் ஊர் கேட்க விட்டுவிட்டு வாங்கியது. இனித்தது. இனித்தது, ஆனால் அவள் நினைத்த அளவுக்கு இல்லை, நெல்லிக்காயில் கொட்டை மட்டும் மிஞ்சிவிட்ட மாதிரி. போதும், இதோடு விட்டுவிடலாம், அவர் தலை குனிந்து ஒரு வார்த்தை, தவறு நடந்துவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் ஓடிப்போய், திரும்பிய தாளைப் படமெடுத்தது நான்தான் என்று அவளே சொல்லிவிடுவாள். இந்த நொடியில் அதை உறுதியாக நினைத்தாள்.

தணிகாசலம் திரும்பி நின்றார். முகத்தில் சிரிப்பு வந்திருந்தது, அறையில் டீ சொன்ன அதே சிரிப்பு. "இந்த இடத்துல ஒரு உண்மையைச் சொல்லியாகணும்," என்றார், ஒலிபெருக்கியை வாய்க்குக் கிட்டத்தில் பிடித்து. "இந்தக் கல்லைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. எங்க ஆய்வு மாணவி ரேணுகாம்பாள். தன்னந்தனியா இந்தச் சைக்கிள்ல வந்து கண்டுபிடிச்சாங்க. படியெடுத்தது ரேணுகாம்பாள். படம் எடுத்து எனக்கு அனுப்பினது ரேணுகாம்பாள்." மூன்று தடவை. எதிர்ப் பாறையில் பட்டு ஒவ்வொரு தடவையும் அவள் முழுப் பெயர் திரும்பி வந்தது, படவேட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அப்பா வைத்த பெயர், ஆறு மாதமாக அவள் கேட்டுத் தவித்த பெயர். என்ன வெட்கக்கேடு, முதல் தடவை கேட்டபோது உடம்பு புல்லரித்தது. இரண்டாவது தடவையில்தான் விளங்கியது. நாற்பது தலைக்கவசங்களும் அவள் பக்கம் திரும்பின. அமல்ராஜ் மட்டும் தரையைப் பார்த்தான். தணிகாசலம் ஜீப்பின் பக்கம், பின் சீட்டின் பக்கம், ஒரே ஒரு தரம், அவளுக்கு மட்டும் தெரியும்படி பார்த்துவிட்டு, அன்பாக, மிகவும் அன்பாக, ஒலிபெருக்கியைக் கழுத்திலிருந்து கழற்றி அவளை நோக்கி நீட்டினார். "பயப்படாதே. சின்ன வயசுல தப்பு நடக்கறது சகஜம். எப்படி ஆச்சுன்னு நீயே அய்யாகிட்ட பதில் சொல்லும்மா."

ஒலிபெருக்கியை வாங்கினாள். அவர் கைவேர்வை அதில் சூடாக இருந்தது. பச்சைக் கோப்பு, புதன்கிழமை, எலுமிச்சம்பழத் தண்ணீர், நடுங்கிய கெண்டைக்கால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வந்து மோதின. பக்கத்தில் பூங்காவனம் இடுப்பில் கை வைத்து நின்றாள், தன் கேள்விக்குப் பதில் கிடைக்காதவள், அடுத்தவர் கேள்விக்காவது இவள் என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று. ரேணுகா பலகையில் இருந்த பெயரை ஒரு தரம் வாசித்தாள்.

"பேருங்கிறது பொறுப்பு, தப்புன்னு யாராவது கேட்டா பதில் சொல்றதுக்குத்தான் என் பேரை மட்டும் போட்டேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அய்யா கேக்கறாரு. சொல்லுங்க."